கடைசி இரண்டு பெயர்கள்

செத்தவளும் நான்தான், கொன்றவனும் நான்தான், கொன்றவனைத் துரத்திப் பிடித்த இன்ஸ்பெக்டர் கிராம்ப்பும் நான்தான். பதினான்கு வருஷம் இப்படித்தான் பிழைத்தேன். ஜெர்மன்காரர்கள் எடுத்த ‘வடக்குச் சரகம்’ என்கிற போலீஸ் தொடர் எங்கள் தொலைக்காட்சியில் முன்னூற்றுப் பன்னிரண்டு பாகம் ஓடியது. அதில் யார் வாயைத் திறந்தாலும் அடியில் ஜெர்மன் முணுமுணுக்கும், மேலே என் குரல் போலிஷில் போகும். ஆணுக்கும் நான், பெண்ணுக்கும் நான், ஜெயிலிலிருந்து வந்த கிழவனுக்கும் நான். ஆளுக்கொரு குரல் கொடுத்துக் கொஞ்சுவதெல்லாம் கார்ட்டூனுக்கு. பெரியவர்கள் பார்க்கிற படத்துக்கு ஒரே ஆள், ஒரே தொனி. போலந்தில் பிறந்த எவனைக் கேட்டாலும் அதுதான் சரி என்பான்.

ஒவ்வொரு பாகமும் முடிந்து பெயர்கள் ஓடும்போது கடைசியாக ஒரு வரி படிப்பேன். “வசனம், லுத்விகா மசூர். வாசித்தவர், கயெத்தான் மசூர்.” லுத்விகா என் மனைவி. ஜெர்மனைப் போலிஷில் எழுதுவது அவள், படிப்பது நான். ஒலிப்பதிவு அறையில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பென்சிலோடு உட்கார்ந்திருப்பாள். பிள்ளையைப் பறிகொடுத்த தாய் திரையில் கதறும்போது என் குரல் ஒரு நூல் இளகினால் போதும், பென்சிலால் கண்ணாடியில் டக் டக்கென்று தட்டுவாள்.

“அழறது அவ வேலை. நீ படி. திரும்ப.”

திரும்பப் படிப்பேன். அவள் கெட்டிக்காரி, ஒப்புக்கொள்கிறேன். ராட்சசி, அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

நூற்றுத் தொண்ணூற்றிரண்டாவது பாகத்தோடு எங்கள் கல்யாணம் முறிந்தது. யார் மேல் தப்பு என்று இப்போது கிளறி என்ன ஆகப்போகிறது. தப்பில் பெரிய பங்கு என்னுடையது, அவ்வளவு போதும். அவள் க்தினியாவுக்குப் போனாள், கடற்கரைப் பக்கம். வேலையை மட்டும் விடவில்லை. வசனத்தைத் தபாலில் அனுப்பினாள். நூற்றுத் தொண்ணூற்று மூன்றாவது பாகத்தின் கடைசித் தாளில் “வசனம், லுத்விகா பியெல்ஸ்கா” என்று தட்டச்சடித்திருந்தாள். அவளுடைய அப்பா வீட்டுப் பெயர்.

எனக்கு வந்ததே கோபம். என் பெயரைக் கொடுத்தேன், இப்போது வேண்டாமென்று திருப்பித் தருகிறாளாமே! தாளைப் பார்த்துக்கொண்டே “லுத்விகா மசூர்” என்று படித்தேன். ஒலிப்பதிவாளர் கெனெக் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தான், தோளைக் குலுக்கினான், புருஷன் பெண்டாட்டி விவகாரம் நமக்கெதற்கு என்று விட்டுவிட்டான். லுத்விகா ஒரு தடவை போன் பண்ணி நல்லபடியாகச் சொன்னாள். அப்புறம் தாளில் பெயருக்கு அடியில் சிவப்பு மையால் மூன்று கோடு போட்டு அனுப்பினாள். நான் மசூர் என்றே படித்துக்கொண்டிருந்தேன். வாரத்துக்கு ஒரு தடவையாவது அவள் என் பெண்டாட்டி என்று நாடே கேட்கட்டும் என்று நினைத்தேன். வேறு எந்த வழியிலும் அவளை வைத்துக்கொள்ள எனக்குத் தெரியவில்லை.

2003-ல் தொடர் முடிந்தது. கிராம்ப் ஓய்வு பெற்றான், கொஞ்ச காலத்தில் நானும் ஓய்வு பெற்றேன்.

போன மார்ச்சில் டிராம் நிறுத்தத்துப் பத்திரிகைக் கடையில் சிகரெட் வாங்கப் போனபோது கிராம்ப்பின் மூஞ்சி என்னைப் பார்த்து முறைத்தது. ‘வடக்குச் சரகம்’ டிவிடி, இதழோடு சேர்த்து வாரம் ஒன்று. வாங்கிக்கொண்டு ஓட்டமாக வீட்டுக்கு வந்தேன். மேல்கோட்டைக்கூடக் கழற்றாமல் போட்டுக் கேட்டால், எவனோ ஒரு பொடியன் படிக்கிறான்! ரயில் நிலைய அறிவிப்பு மாதிரி. கிராம்ப் சுடப்பட்டு விழுகிறான், இவன் மூன்றாவது நடைமேடைக்கு வண்டி வருகிறது என்கிற மாதிரிச் சொல்கிறான். பல்லைக் கடித்துக்கொண்டு முடிவு வரை உட்கார்ந்தேன். “வசனம், லுத்விகா பியெல்ஸ்கா” என்றான், தடுக்காமல், சுத்தமாக. அப்புறம் தன் பெயரைச் சொன்னான்.

ஒன்பது வருஷத்துக்குப் பிறகு அவளுக்குப் போன் பண்ணினேன்.

“என் குரல் வேண்டாம்னு நீதானே சொன்ன?”

“ஆமா, நான்தான். வசனம் வேணும்னு என்கிட்ட வந்தாங்க. தர்றேன், கயெத்தான் மட்டும் படிக்கக் கூடாதுன்னேன்.”

“நான் என்ன அப்படிப் பாவம் பண்ணிட்டேன்?”

“நூத்தி இருபது தடவ என் பேரத் தப்பாப் படிச்ச, மனுஷா.”

“நூத்திப் பத்தொம்பது,” என்றேன். “கடைசிப் பாகத்துல சரியாப் படிச்சேன். பியெல்ஸ்கான்னு.”



“பொய்.”

“நீ கேட்டியா?”

“இல்ல. அன்னிக்கு நான் டிவியே போடல.”

“போடவே இல்ல, அப்புறம் எதை வெச்சுப் பொய்ங்கற?”

“உன்ன வெச்சுத்தான். உண்மைன்னா அந்தப் பாகத்தோட கேசட்டத் தேடி அனுப்பு. கேட்டுட்டு வார்சாவுக்கு நானே வர்றேன், உன் வீட்ல உக்காந்து ஒரு காப்பி குடிக்கிறேன். இல்லன்னா இனிமே இந்த நம்பருக்கு அடிக்காத.”

வைத்துவிட்டாள். நான் சமையலறைக்குப் போய்ப் பார்த்தேன். வீட்டில் உருப்படியாக ஒரே ஒரு காப்பிக் கோப்பைதான் இருந்தது. சனிக்கிழமை போய் இன்னொன்று வாங்கி வந்தேன்.

ஏனென்றால் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்த நாள் அப்படியே கண்ணில் நிற்கிறது. ஸ்டூடியோவுக்குப் போகிற டிராமில் அந்தப் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன். பியெல்ஸ்கா, பியெல்ஸ்கா. பக்கத்திலிருந்த அம்மாள் எழுந்து வேறு இடத்துக்குப் போனாள். மைக்கின் முன்னால் தண்ணீர் குடித்ததும், தாளைத் திருப்பியதும், உதடு குவிந்து அந்தப் ‘பி’ வந்ததும்கூட நினைவிருக்கிறது.

தொலைக்காட்சி நிலையத்தில் கேட்டேன். படம் இருக்கிறது, என் குரல் பதிந்த நாடா இல்லை என்றார்கள். அப்படியானால் நாட்டு மக்கள்தான் கதி. அந்தக் காலத்தில் வீட்டுக்கு வீடு வி.சி.ஆர். வைத்துப் பதிவு செய்தவர்கள் ஆயிரம் பேராவது இருப்பார்கள். பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தேன், இணையத்தில் சேகரிப்பாளர்கள் கூடுகிற இடத்தில் எழுதிப் போட்டேன். முதலில் போன் பண்ணியவன் பித்கோஷ்ச் ஊர் மருந்துக்கடைக்காரன், ரெமெக் என்று பெயர். நான் “ஹலோ” என்றதுதான் தாமதம், அந்தப் பக்கம் ஏதோ கீழே விழுந்து உடைந்தது.

“சார்! கிராம்ப் சாரா பேசறது? ஐயோ, சுடாதீங்க சார், கைய மேல தூக்கிட்டேன்!”

“விளையாட்டு இருக்கட்டும். கடைசிப் பாகம் இருக்கா?”

“என்கிட்ட இல்லாததா? முன்னூத்திப் பன்னிரண்டும் இருக்கு சார். ஒண்ணுகூட விடல. என் பொண்டாட்டி கேசட்டா நானான்னு கேட்டா, யோசிச்சுச் சொல்றேன்னேன்.”

“கடைசில பேர் ஓடுமே, அது இருக்கா?”

“அது எதுக்கு சார்? பேர் ஓடறத எவனாவது பதிவு பண்ணுவானா? கேசட்டு என்ன மரத்துலயா காய்க்குது? கிராம்ப் தொப்பியக் கழட்டினதும் டக்குனு நிறுத்திடுவேன்.”

அங்கேதான் வந்தது வினை. கேசட்டுகள் பெட்டி பெட்டியாக வந்து இறங்கின. வ்ரோத்ஸ்வாஃபிலிருந்து, லூப்லினிலிருந்து, பெயர் கேள்விப்படாத கிராமங்களிலிருந்து. யார் யாருடைய கையெழுத்தோ. “அழிக்காதே, அம்மாவுடையது!” என்று ஒன்றில். இன்னொன்றில் கிராம்ப் கதவை உடைத்துக்கொண்டு நுழைகிறான், அடுத்த நொடியில் யாரோ ஒரு பாப்பாவுக்கு ஞானஸ்நானம் நடக்கிறது. கடைசிப் பாகம் மட்டும் பதினோரு பிரதி கிடைத்தது. பதினொன்றிலும் கிராம்ப் தொப்பியைக் கழற்றுகிறான், அதோடு சரி, திரையில் கொசு மொய்க்கிறது. ஒன்றில் மட்டும் “வசனம்” என்று என் குரல் ஆரம்பித்தது. நான் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டேன். மேலே பனிச்சறுக்குத் தாண்டல் போட்டியைப் பதிந்து வைத்திருந்தான் பாவி.

ஒரே ஒரு பாகம்தான் எனக்கு வேண்டும். ஆனாலும் எல்லாவற்றையும் வாங்கி, எண் வாரியாக அடுக்கி, விட்டுப்போனதைத் தேடினேன். படுக்கையறைச் சுவர் இரண்டு நிரம்பிவிட்டது. தினம் மத்தியானம் சாப்பிட்ட பிறகு ஒன்று போட்டுக் கேட்பேன். என் வீட்டில் பேச ஆள் கிடையாது. கேசட்டைப் போட்டால் வீடு முழுக்கப் பேச்சு, அத்தனையும் என் குரல். எண்பத்தேழாவது பாகத்தில் கிராம்ப்பின் மனைவி பெட்டியோடு நிற்கிறாள். “நான் போறேன்.” “போ.” “தடுக்க மாட்டியா?” “பஸ் போயிடும்.” நாலு வரியையும் நான்தான் படித்திருக்கிறேன், ஒரே தொனியில், பிசிறில்லாமல். எழுதியவள் லுத்விகா. எழுதும்போது என்ன நினைத்தாளோ, கேட்கத் தோன்றவில்லை எனக்கு. அன்றைக்கு வேறு எதுவும் போட்டுக் கேட்க முடியவில்லை.

அதற்குள் ரெமெக்கிடம் முழுக் கதையும் சொல்லியிருந்தேன். அக்டோபரில் அவன் ஒரு யோசனை சொன்னான்.

“சார், ஏன் அலையறீங்க? போன்லயே ஒரு தடவ அந்தப் பேரச் சொல்லுங்க. கம்ப்யூட்டர்ல நானே ஒட்டிடறேன். கொஞ்சம் இரைச்சல் சேத்துட்டா எவன் கண்டுபிடிப்பான்?”

“எவனும் கண்டுபிடிக்க மாட்டான். அவ கண்டுபிடிப்பா.”

“அவங்களுக்கு அவ்ளோ காதா?”

“காது இல்ல. ராட்சசி.”

அவனைத் திட்டி வைத்தாலும் அன்று முழுவதும் அந்த யோசனை என்னைச் சுற்றிச் சுற்றி வந்தது. கண்ணாடி முன்னால் நின்று சொல்லியும் பார்த்தேன். அறுபத்தொன்பது வயசுக் குரல், அடியில் சளி. அன்றைய குரல் இல்லை. மேலும், உண்மை என் பக்கம் இருக்கும்போது நான் எதற்குப் போலி செய்ய வேண்டும் என்று ரோஷம் வந்தது.

நவம்பரில் ஸ்கார்ஷிஸ்கோவிலிருந்து ஒரு கடிதம் வந்தது. பெலிக்ஸா என்று ஒரு அம்மாள். வீட்டுக்காரர் ரயில்வேயில் இருந்தவர், இப்போது இல்லை, கேசட்டெல்லாம் இருக்கிறது, தபாலை நம்பி அனுப்ப மாட்டேன், வேண்டுமானால் வந்து கேட்டுக்கொள்ளுங்கள் என்று எழுதியிருந்தார். காலை வண்டியைப் பிடித்தேன்.

கதவைத் திறந்ததும் என் காலைத்தான் பார்த்தார். ஷூவைக் கழற்றினேன். செருப்பு ஒரு ஜோடி எடுத்துப் போட்டார், ஆண்கள் செருப்பு, குதிகால் தேய்ந்தது.

“அவரோடதுதான். போட்டுக்குங்க, தரை சில்லுனு இருக்கும்.”

“நன்றிங்கம்மா,” என்றேன்.

அந்த அம்மாள் அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டார்.

“நீங்களேதான். ஐயோ சாமி, வீட்டுக்குள்ள கேக்குது. ஏதாவது பேசுங்க. நிறுத்தாதீங்க.”

“என்னம்மா பேசறது?”

“எதையாவது! இதப் படிங்க,” என்று மாத்திரைப் பெட்டிக்குள்ளிருந்த சீட்டை நீட்டினார். ரத்த அழுத்த மாத்திரை. நான் கூடத்தில் நின்றபடி பக்கவிளைவுகளைப் படித்தேன். தலைசுற்றல், வறட்டு இருமல், கணுக்கால் வீக்கம். அவர் கண்ணை மூடிக் கேட்டார், முடிந்ததும் மூக்கைச் சிந்திக்கொண்டார். அப்புறம் முட்டை மிதக்கிற புளித்த சூப்பும் கசகசா கேக்கும் வைத்து, சாப்பிடாமல் கேசட் கிடையாது என்று சட்டம் போட்டார்.

“கடைசிப் பாகம்… முழுசா இருக்காம்மா? பேர் ஓடறது வரைக்கும்?”

“எல்லாமே முழுசாத்தான் இருக்கும். அவரு வண்டில போயிடுவாரு, ரெண்டு நாள் கழிச்சுத்தான் வருவாரு. டைமர் வெச்சுட்டுப் போவாரு. எனக்கு அந்த மெஷின நிறுத்தத் தெரியாது. அது பாட்டுக்கு ஓடும். செய்தி, வானிலை எல்லாம் இருக்கும், பாருங்க. நாளைக்கு மழைன்னு பத்து வருஷத்துக்கு முந்தி சொன்னதெல்லாம் என்கிட்ட இருக்கு.”

சூப்பை அவசரமாகக் குடித்து முடித்தேன். மனசுக்குள் நான் ஏற்கெனவே புதுக் கோப்பையில் காப்பி ஊற்றிக்கொண்டிருந்தேன்.

கேசட்டைப் போட்டார். கிராம்ப் மேஜையைக் காலி செய்கிறான், தொப்பியைக் கழற்றுகிறான், கதவைச் சாத்துகிறான். பதினோரு பேர் நிறுத்திய இடம் தாண்டிப் படம் ஓடியது. இசை. வெள்ளை எழுத்தில் பெயர்கள். என் குரல் வந்தது, அறுபது வயசின் நல்ல குரல்.

“வசனம், லுத்விகா… மசூர். வாசித்தவர், கயெத்தான் மசூர்.”

செய்தி தொடங்கிவிட்டது.

“இன்னொரு தடவ போடுங்கம்மா.”

போட்டார். இன்னொரு தடவையும் போட்டார். அதையேதான் சொன்னேன். வாய் பழக்கத்தில் தடம் மாறிப் போய்விட்டது என்று சொல்லித் தப்பிக்கலாம். ஆனால் இது என் தொழில், எனக்குத் தெரியும். லுத்விகாவுக்கும் மசூருக்கும் நடுவில் அரை நொடி இருந்தது. உதடு குவிந்த சத்தம்கூட லேசாக விழுந்திருக்கிறது. ‘பி’ வாசல் வரை வந்திருக்கிறது, நான் அதை விழுங்கிவிட்டு மற்றதைச் சொல்லியிருக்கிறேன். டிராமில் சொன்னது உண்மை. சொன்னதெல்லாம் டிராமில்தான்.

பெலிக்ஸா அம்மாள் சிரித்த முகமாக என்னைப் பார்த்தார்.

“இந்த இடம் வந்தா அவரும் நானும் உங்களோட சேர்ந்து சொல்லுவோம். மசூரும் மசூரும்! புருஷன் பொண்டாட்டி ஒண்ணா வேலை பாக்குறாங்க பாரு, நீ என்னடான்னா ரயில கட்டிக்கிட்டுத் திரியறன்னு அவரக் கிண்டல் பண்ணுவேன். அவங்க நல்லாருக்காங்களா?”

“நல்லாருக்கா. கடல் பக்கம் போயிருக்கா,” என்றேன்.

கேசட்டைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். வேண்டாம், உங்களிடமே இருக்கட்டும் என்று திருப்பிக் கொடுத்தேன். வார்சா வரும்வரை ரயில் ஜன்னலில் என் மூஞ்சிதான் தெரிந்தது, பார்க்கப் பிடிக்கவில்லை.

ஒரு வாரம் சும்மா இருந்தேன். கிடைக்கவில்லை என்று சொல்லிவிடலாம், அதில் பாதி மானமாவது மிஞ்சும் என்று கணக்குப் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயில் மணி அடித்து ஓய்ந்த பிறகு போனை எடுத்தேன்.

“கேசட் கெடச்சுது.”

“ம்.”

“நீ சொன்னதுதான் சரி. மசூர்னுதான் படிச்சிருக்கேன்.”

“தெரியும்,” என்றாள். ஜெயித்துவிட்ட குரல் இல்லை அது. “அன்னிக்கு நான் டிவி போட்டிருந்தேன். கடைசித் தடவையாச்சே, நீ சரியாச் சொல்லுவன்னு நெனச்சேன். பக்கத்துலயே உக்காந்து கேட்டேன்.”

“அப்போ எட்டு மாசமா என்ன ஏன் நாய் மாதிரி அலைய விட்ட?”

“நான் சொன்னா நீ என்னிக்கு நம்பியிருக்க? நீ சொல்றதத்தான் நீ கேப்ப.”

தப்பு என்னுடையது, முழுக்க என்னுடையது, நூற்று இருபது தடவையும்.

“இப்பப் படிக்கட்டுமா?” என்றேன்.

அவள் போனை வைக்கவில்லை.

“வசனம், லுத்விகா பியெ…” என்று ஆரம்பித்தேன். குரல் உடைந்து கீழே போய்விட்டது.

போனில் டக் டக்கென்று கேட்டது. பென்சில்.

“அழறது உன் வேலை இல்ல,” என்றாள். “திரும்ப.”

தண்ணீர் குடித்தேன். நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

“வசனம், லுத்விகா பியெல்ஸ்கா.”

பிசிறில்லாமல் வந்தது. கெனெக் இருந்திருந்தால் தலையாட்டியிருப்பான். வழக்கம்போல ஒரு மூச்சு இடம் விட்டு, “வாசித்தவர்,” என்றேன். அந்தப் பக்கம் லைன் போய்விட்டது.

எல்லா வீட்டிலும் கேசட்டை நிறுத்துகிற இடம்தான். போனைக் கையில் வைத்துக்கொண்டே “கயெத்தான் மசூர்” என்று, யாருமில்லாத அறைக்குள், படித்து முடித்தேன்.